பிட் சேம்பிளை வீடியோவிலேயே முடிப்பது எப்படி?

கோவையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் கிடையாது. சென்னையிலோ வளைகுடாவிலோ மாறிப் போய்வருவதற்குள் திருப்பூர் மெர்ச்சண்டைசருக்கு (பின்னலாடை நிறுவனத்தில் ஆர்டரைக் கவனிப்பவருக்கு) ஒரு வாரம் கரைந்துவிடும். புதுப் பையரை (ஆடை வாங்கும் வெளிநாட்டுக்காரரை) முதன்முதலாகப் பார்க்கவும், கிளெய்ம் (இழப்பீடு) விவகாரம் பேசித் தீர்க்கவும் டிக்கெட் போடத்தான் வேண்டும். பிட் சேம்பிளுக்கு, அதாவது அளவும் பொருத்தமும் பார்க்கத் தைக்கும் மாதிரி ஆடைக்கு, கமென்ட் வாங்க வீடியோ போதும், கீழே சொல்கிறபடி தயாராக இருந்தால்.

ஒரே கட்டிங்கில் எடுத்த இரண்டு பீஸ் வேண்டும். ஒன்று பையருக்குக் கூரியரில் போகட்டும், மற்றொன்று உங்கள் மேசையில் இருக்கட்டும். இரண்டிலும் ஒரே எண்ணுள்ள டேக் கட்டுங்கள். கூரியர் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தபின் மீட்டிங் வையுங்கள். துணியின் தொடு உணர்வையும் இழுத்துவிட்டால் அது பழையபடி திரும்புகிறதா என்பதையும் எந்தக் கேமராவும் காட்டாது. அவர்தான் தொட்டு, இழுத்துப் பார்க்க வேண்டும்.

நேரத்தைப் பையரின் ஊர்க்கணக்கில் காலண்டரில் போடுங்கள். ஜெர்மனி நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். அங்கே கடிகாரம் மாறுவது மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றும். இரண்டு நாட்டுப் பையரும் ஒரே மீட்டிங்கில் இருந்தால் இடைப்பட்ட வாரங்களில்தான் குழப்பம் வரும்.

லேப்டாப் கேமராவை நம்ப வேண்டாம். போனை ஸ்டாண்டில் மாட்டி, பின்பக்கக் கேமராவால் மேசையை மேலிருந்து காட்டுங்கள். படத்தில் கருப்புப் பட்டைகள் ஓடினால் கேமரா 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. நம் மின்சாரத்துக்கு 50 ஆக்க வேண்டும். நெருக்கமான ரிப், மெல்லிய கோடு போட்ட ஜெர்சி ஆகிய பின்னல் துணிகள் திரையில் அலையலையாய் நெளியும். கேமராவை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாலோ சற்றே சாய்த்தாலோ சரியாகிவிடும்.

அளவெடுக்கும்போது பீஸை இழுக்காமல் விரித்து, டேப் முழுக்கத் தெரியும்படி வைத்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். பையரும் தன் பீஸில் அதே இடத்தை அளக்கட்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் தையலைக் குறை சொல்லும் முன் டேப்பைப் பாருங்கள். பழைய துணி டேப் நீண்டுபோயிருக்கும். ஸ்டீல் ஸ்கேலோடு வைத்து முதலிலேயே சரிபார்ப்பது நல்லது.

ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) காட்ட வேண்டுமென்றால் 100 சதுர செ.மீ. வட்டக் கட்டரால் வெட்டி, எடையை 100-ஆல் பெருக்குங்கள்: 1.82 கிராம் என்றால் 182 ஜிஎஸ்எம். தராசு பூஜ்யத்தில் நிற்பதையும் படத்தில் காட்டுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காற்றில் எடை ஆடும். டிரையரிலிருந்து எடுத்த சூட்டோடு எடை போட்டால் ஈரப்பதம் குறைந்து, எண் குறைவாக வரும்.

வீடியோ தோற்கும் இடம் ஷேடு, அதாவது துணியின் நிறம்தான். சிவப்புத் துணியைப் பக்கத்தில் வைத்தாலே கேமரா நிறச்சமநிலையைத் தானாக மாற்றும். பையரின் திரை இன்னொரு நிறம் காட்டும். டி65 விளக்கில் (பகல் வெளிச்சம் போன்றது) ஒத்துப்போன இரண்டு துணி டிஎல்84-இல் (கடை ட்யூப்லைட் போன்றது) வேறுபடலாம், அது திரையில் பிடிபடாது. லேப் டிப்பை (சாயமிட்ட சிறு மாதிரித் துணியை) கூரியரில் அனுப்பி, இருபுறமும் லைட் பாக்ஸில் (இந்த விளக்குகள் உள்ள பெட்டியில்) ஒரே விளக்கில் பாருங்கள். ஷேடை வீடியோவில் பார்த்து ‘ஓகே’ சொல்ல வந்தால் பையரை நீங்களே தடுங்கள். பின்னால் நிறம் ஒத்துவராவிட்டால் டையிங் (சாயமிடும்) செலவு முழுதும் உங்கள் தலையில் விழும்.

நெட்டில் டவுன்லோடைவிட அப்லோட் வேகம்தான் முக்கியம். ஜூமில் பலர் சேரும் 1080 தரத்துக்கு 4 எம்பிபிஎஸ் போல வேண்டும். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் தனி யுபிஎஸ் போடுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பது சில நொடிதான், ஆனால் அணைந்த மோடம் மறுபடி இணைய நிமிடக்கணக்கில் ஆகும்.

மீட்டிங் முடிந்த அன்றே, டேக் எண்ணோடு ஒவ்வொரு கமென்ட்டையும் எழுதி மெயில் போட்டு, எழுத்தில் பதில் கேளுங்கள். அது வரும்வரை பல்க் கட்டிங்குக்கு (மொத்த ஆர்டருக்கான வெட்டுக்கு) துணி விரிக்க வேண்டாம்.