சிறைச் சட்ட ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு

எம்.எல். முடித்த கையோடு "மேடம், கைதிகள் உரிமையில பிஎச்.டி. பண்ணணும்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த உரிமை?" சாப்பாடா, வைத்தியமா, லீவா, மனுவா? (லீவு என்றால் கைதி சில நாள் வீட்டுக்குப் போய்வரும் விடுப்பு. குடும்பத்தார் வந்து பார்ப்பதற்குச் சிறை வாசலில் மனு என்றுதான் பெயர்.) தலைப்பு அவ்வளவு குறுகினால்தான் வேலை ஓடும்.

முதல் ஆறு மாதம் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறை விதிகளோடு உட்காருங்கள். சிறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் சாதி பார்த்து வேலை பிரிக்கும் சிறை விதிகளை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே, அது பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா அப்படிப்பட்ட விதிகளை எடுத்துக் காட்டிப் போட்ட வழக்கு. நம் பாளையங்கோட்டைச் சிறையும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. கூடவே சுனில் பத்ரா தீர்ப்புகள் இரண்டையும் படியுங்கள். 1978இல் தூக்குத் தண்டனைக் கைதியான அவர் தன் தனிமைச் சிறையை எதிர்த்தார். இரண்டாவது வழக்கு, சக கைதிக்கு நடந்த சித்திரவதையைப் பற்றி அவர் எழுதிய கடிதத்தில் தொடங்கியது.

உள்ளே போகும் அனுமதியை நம்பி ஆய்வைத் தொங்கவிடாதீர்கள். எனக்கு அது வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதுவரை மனு வரிசையில் நின்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். விடியற்காலை பஸ் பிடித்து வந்த ஒரு அம்மா, ஆதார் நகல் கொண்டுவராததால் மகனைப் பார்க்காமலே திரும்பினார். என் மூன்றாம் அத்தியாயம் அந்த வரிசையில் பிறந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, "மருத்துவர் பணியிடம் எத்தனை காலி?" என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். "ஏன்?" என்று கேட்டால் பதில் வராது.

உள்ளே போனபின், வார்டர் கூட்டிவந்து உட்கார வைத்தவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "என்னால ஜாமீனோ லீவோ கிடைக்காதுண்ணே, பேசாட்டியும் ஒண்ணும் ஆகாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. நான் ஒரு ஆயுள் கைதியின் பெயரை மாற்றிவிட்டு, சிறைத் தறியில் அவர் பார்த்த வேலையை அப்படியே விட்டுவிட்டேன். வரைவைப் படித்த அதிகாரி உடனே ஆளைச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கங்களை அன்றே எடுத்தேன். அவருக்கு என்ன ஆகுமோ என்று பல நாள் தூக்கமில்லை.

யாரிடம் பேசினாலும் ரிமாண்ட் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, தன் மேல் உள்ள குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைக் கழித்துவிட்டால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 479ஆம் பிரிவு அவரைப் பிணையில் விடச் சொல்கிறது. மரண தண்டனையோ ஆயுளோ விதிக்கக்கூடிய வழக்கு இதில் சேராது, வேறு வழக்கும் நிலுவையில் இருக்கக் கூடாது. மூன்றாண்டு வரை தண்டனை உள்ள சாதாரணத் திருட்டு என்றால் ஓராண்டு. நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளர். கணக்குத் தாண்டியிருந்தால் நோட்டை மூடி வைத்துவிட்டு, அன்றைக்கே இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கடிதம் எழுதுங்கள்.