தொக்கு எந்தப் பெட்டியில், பவர் பேங்க் எந்தப் பெட்டியில்?

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கிளம்புகிறீர்கள் என்றால், பெட்டி கட்டும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது எது கைப்பையில், எது கவுன்ட்டரில் கொடுத்துவிடும் செக்-இன் பெட்டியில் என்பதைத்தான். எடை பார்ப்பதெல்லாம் அப்புறம்.

திரவம் என்றால் தண்ணீர், ஷாம்பூ மட்டும்தான் என்று நினைத்து என் அம்மா மாங்காய்த் தொக்கைக் கைப்பையில் வைத்துவிட்டார். எக்ஸ்ரே தாண்டியதும் அது குப்பைத்தொட்டிக்குப் போனது. இன்றைக்கும் அதைச் சொல்லிப் புலம்புவார். தொக்கு, ஊறுகாய், தயிர், நெய், இட்லி மாவு, பற்பசை எல்லாமே விமான நிலையச் சோதனைக்காரர்கள் கணக்கில் திரவம்தான். வெளிநாட்டு விமானத்தில் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும், எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடி போன்ற ஜிப் கவரில் அடங்க வேண்டும். அந்த 100 மில்லி பாட்டிலின் அளவு, உள்ளே இருப்பதன் அளவு இல்லை. 200 மில்லி பாட்டிலின் அடியில் நாலு சொட்டு எண்ணெய் இருந்தாலும் விடமாட்டார்கள்.

அதனால் ஊறுகாயை செக்-இன் பெட்டியில் போடுங்கள். பாட்டில் வாயில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து மூடியை இறுக்கி, சுற்றிலும் டேப் ஒட்டி, இரண்டு ஜிப் கவருக்குள் போட்டு, பழைய லுங்கியில் சுருட்டிப் பெட்டியின் நடுவில் வையுங்கள், ஓரத்தில் வைத்தால் இடி வாங்கும். மிளகாய்த்தூளும் அங்கேதான், கைப்பையில் அனுமதி இல்லை. கொப்பரையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், எண்ணெய்ப் பசையால் எளிதில் தீப்பற்றும் என்று இரண்டு பெட்டியிலும் தடுக்கிறார்கள். கசகசாவும் வேண்டாம். இங்கே சோதனையைத் தாண்டினாலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் கணக்கில் வரும், வம்பு.

பவர் பேங்குக்கு விதி தலைகீழ், அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் நம் பக்கத்தில் என்றால் அணைக்க ஆள் இருக்கிறது, சரக்கு அறையில் யார் போவது? பெட்டிக்குள் மறந்து வைத்தால் உங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள், கிளம்பும் நேரத்தில் அது பெரிய தலைவலி. 100 வாட்-அவர் (பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்ற கணக்கு) வரை பிரச்சினை இல்லை. சாதாரண 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-அவர்தான் வரும். ஆனால் மேலே அச்சிட்ட அந்த எண் அழிந்து போயிருந்தால் எவ்வளவு என்று சோதனையில் காட்ட முடியாது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

மருந்தும் டாக்டர் சீட்டும் கைப்பையில், கத்தரிக்கோலும் கத்தியும் செக்-இன்னில். லேப்டாப்பைத் துணிக்கு அடியில் புதைக்காமல் மேலாக வையுங்கள், தட்டில் தனியாக எடுத்து வைக்கச் சொல்வார்கள். வரிசையில் நிற்கும்போதே சில்லறை, சாவி, வாட்ச் எல்லாவற்றையும் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பில் போட்டுவிட்டால் பின்னால் நிற்பவர் முறைக்கமாட்டார். சோதனை முடிந்து தட்டை விட்டு நகரும் முன் போன், பர்ஸ், பாஸ்போர்ட் மூன்றையும் தொட்டுப் பார்த்துவிடுங்கள். பெல்ட்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.