மணலில் புதைந்த ஃபோர் வீல் டிரைவ் வண்டியைப் பத்திரமாக வெளியே எடுப்பது எப்படி?

எங்கள் குலதெய்வக் கோயில் அமராவதி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. பாலம் வழியாகப் போனால் ஊரைச் சுற்ற வேண்டும். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் பழைய மாட்டுவண்டித் தடத்தில் இறங்கி ஏறிவிடுவோம். மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயிலில், மச்சானுடைய மஹிந்திரா தார் ஜீப் அந்தத் தடத்தில் நடு ஆற்றில் உட்கார்ந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க உள்ளே போனது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து டிராக்டரும் சங்கிலியும் வந்தன. ஜீப்பின் பின்னால் டிரெய்லர் மாட்டுவதற்காக இருந்த இரும்பு உருண்டையில் சங்கிலியைச் சுற்றி, டிராக்டரை ஒரே வெட்டாக வெட்டி இழுத்தார்கள். உருண்டை கழுத்தோடு முறிந்து பறந்துபோய் டிராக்டரின் மட்கார்டில் அடித்தது. ஓட்டியவரின் இடுப்புக்கும் அந்தக் குழிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இறங்கி வந்து, “ஏனுங் தம்பி, அத்தனை பேரும் உள்ளயே உக்காந்துட்டு இருந்தா வண்டி எப்படீங் ஏறும்? முதல்ல மணலைப் பறிங்க” என்றார். பறித்தோம். டயரில் காத்தை இறக்கினோம். முக்கால் மணி நேரத்தில் ஜீப் தன்னாலேயே பின்னால் ஏறி வந்தது. டிராக்டர் தேவையே படவில்லை.

அதனால் இந்த விளக்கத்தில் கயிறு கடைசியில்தான் வரும். காத்து, மம்பட்டி, பொறுமை, இந்த மூன்றும் முதலில். ஆற்று மணலுக்குச் சொல்வது பெரும்பாலும் கடற்கரைக்கும் பொருந்தும். நம் பக்கத்திலிருந்து ராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று வண்டி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய என்பதால், கடற்கரைக்கென்று உள்ள வித்தியாசங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

நின்றவுடன் காலை எடுங்கள்

வண்டி முன்னால் நகரவில்லை, சக்கரம் மட்டும் சுற்றுகிறது என்று தெரிந்த அந்த நொடியில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். இது ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதி வேலை மிச்சம். சுற்றும் டயர் மணலை வாரிப் பின்னால் கொட்டும் மம்பட்டி மாதிரிதான். இன்னும் நாலு சுற்று சுற்றினால் வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். அப்புறம் வண்டியின் எடை சக்கரத்தில் இருக்காது, மணல்மேல் இருக்கும். எடை இல்லாத சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது.

நின்றதும் வந்த தடத்திலேயே மெதுவாக ஒரு முறை ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். உங்கள் டயர் ஏற்கெனவே அமுக்கிய மணல் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். வந்துவிட்டால் சரி. வராவிட்டால் இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எல்லோரையும் இறக்கிவிடுங்கள். சாமானையும் இறக்குங்கள். ஐந்து பேரும் பொங்கல் பாத்திரங்களும் சேர்ந்து நானூறு கிலோவுக்கு மேல் வரும். அந்தக் காலத்தில் பாரவண்டி மணலில் இறங்கினால் வண்டிக்காரரும் இறங்கித்தான் நடப்பார்.

தண்ணீர் எங்கிருந்து வரும்?

மம்பட்டியைத் தொடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். ஆற்றில் உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அணை. இங்கே ஒரு சொட்டு மழை இல்லாமல் இருக்கும்போதே மலையில் பெய்த மழைக்கு அமராவதி அணையைத் திறந்துவிடுவார்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி மாறும். மேட்டூருக்குக் கீழே காவிரியில் ஊராட்சிக்கோட்டை மாதிரி மின்சாரக் கதவணைகள் இருப்பதால், அந்தப் பகுதியில் ஒரே நாளில் மட்டம் ஏறி இறங்கும். ஆகவே ஆற்றில் இறங்குவதற்கு முன்பே கரையோர ஊர்க்காரர்களிடம் கேட்டுவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லிவிடுவது நல்லது. ஆற்றுக்குள் வண்டி நின்றாலே மணல் அள்ள வந்தவர்கள் என்ற சந்தேகம் வருவது இயல்பு. ஓரமாகச் சலசலப்பு கேட்டாலோ, வறண்டு கிடந்த பள்ளத்தில் தண்ணீர் ஊர்ந்து வந்தாலோ, வண்டியை விட்டுவிட்டு மனிதர்கள் கரையேறுங்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

காத்தை இறக்குங்கள்

சாலையில் ஓட்டும்போது டயரில் 30 பி.எஸ்.ஐ. அளவில் காத்து இருக்கும். மணலுக்கு அது மிக அதிகம். 15 முதல் 18 வரை இறக்குங்கள். நன்றாகப் புதைந்துவிட்டால் 12 வரை போகலாம். அதற்கும் கீழே போனால், திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது. நான்கு டயரிலும் ஒரே அளவு இருக்க வேண்டும்.

வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மணலில் வைத்தால் தேட வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் ஊசியைச் சாவி நுனியால் அழுத்துங்கள். ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் கேஜ் வைத்துப் பாருங்கள். கேஜ் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். சில நூறு ரூபாயில் கிடைக்கும் சாமான்தான். காத்து இறங்க இறங்க டயரின் அடிப்பக்கம் இருபுறமும் பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் முக்கியமான மாற்றம் அகலத்தில் இல்லை, நீளத்தில். மணலைத் தொடும் தடம் முன்னும் பின்னும் நீண்டு, சின்ன டிராக் வண்டியின் சங்கிலிப் பட்டை மாதிரி ஆகிவிடும். அதே எடை அதிக இடத்தில் பரவும்போது டயர் மணலைக் குத்தாமல் அதன் மேலேயே மிதக்கும். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வருவதற்கு முன்னால், தனுஷ்கோடிக்கு ஜனங்களை ஏற்றிப்போன ஜீப்புகளும் வேன்களும் மணலிலேயேதான் ஓடின.

மம்பட்டி வேலை

எல்லோரும் அவசரப்படும் இடம் இதுதான். சக்கரத்துக்கு முன்னால் நாலு வெட்டு வெட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தால் திரும்பவும் புதையும்.

முதலில் எந்தத் திசையில் வெளியேறப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் வந்த வழிதான் நல்லது. அந்தத் திசையில் நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் ஒரு முழத்துக்குக் குறையாமல் சரிவாக வெட்டுங்கள். சக்கரம் செங்குத்துச் சுவரில் மோதக்கூடாது, சரிவில் ஏற வேண்டும். அடுத்து அடிவயிறு. பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். டிஃபரன்ஷியல் உருண்டை, சேஸிஸ், படிக்கட்டுக் குழாய் எல்லாவற்றுக்கும் கீழே வெளிச்சம் தெரிய வேண்டும். வெளியில் நின்று மம்பட்டியால் இழுத்து எடுங்கள். வண்டிக்கடியில் தலையை விட வேண்டாம். சைலன்சர் வாயில் மணல் அடைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

பறிக்கும்போது மணலின் நிறத்தைக் கவனியுங்கள். மேலே வெள்ளையாகப் பொலபொலவென்று சரியும். ஒரு சாண் கீழே நிறம் கறுத்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும். அந்த ஈர மணல்தான் உங்கள் கூட்டாளி, டயர் அதன்மேல் நன்றாகப் பிடிக்கும். இன்னும் கீழே போனால், ஆற்றில் ஊத்துத் தோண்டியவர்களுக்குத் தெரியும், தண்ணீர் கசிந்து பக்கச் சுவர் கரைந்து விழும். அந்த அளவுக்குப் பறிக்காதீர்கள். மேல்மணல் காய்ந்து கிடந்தால், வெட்டிய சரிவில் இரண்டு குடம் தண்ணீர் தெளித்து மிதித்துவிடுங்கள். ஓரளவு ஈரம் மணலைக் கட்டும், அதிக ஈரம் கரைத்துவிடும்.

ஜாக்கி வைத்துத் தூக்குவதாக இருந்தால் அடியில் ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பலகை வையுங்கள். பலகை இல்லாமல் வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். தூக்கிய சக்கரத்துக்கடியில் மணலைத் தள்ளி நிரப்பிவிட்டு உடனே இறக்கிவிடுங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கடியில் கையைக்கூட விடாதீர்கள்.

டயருக்கு அடியில் என்ன வைப்பது?

இதற்கென்றே பல் வைத்த பிளாஸ்டிக் பலகைகள் விற்கிறார்கள், வாங்கி வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் நம் ஊரில் தென்னை மட்டைக்கா பஞ்சம்? மட்டைகளைக் குறுக்காக, நெருக்கமாக அடுக்கி, டயருக்கடியில் முனையைச் செருகுங்கள். கோணிச் சாக்கு, பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் தென்னை நார் விரிப்பு இரண்டும் நன்றாக உழைக்கும். வழவழப்பான மரப்பலகை வேண்டாம். எதை வைத்தாலும், சக்கரம் சுற்றினால் அது பின்னால் பறந்து வரும். வண்டிக்கு நேர் முன்னாலும் நேர் பின்னாலும் ஒருவரும் நிற்கக்கூடாது.

இப்போது ஓட்டுங்கள்

வண்டி அசையாமல் நிற்கும்போதே, கியரை நியூட்ரலில் வைத்து, 4எல் (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக வலுவோடு சுற்றும் நிலை) போடுங்கள். வண்டி சறுக்காமல் தடுக்கும் இ.எஸ்.பி. தானாக அணையாத வண்டியாக இருந்தால் பொத்தானை அழுத்தி அணைத்துவிடுங்கள். சக்கரம் லேசாகச் சுற்றினாலே அது இன்ஜின் வலுவைக் குறைத்துவிடும். ஸ்டீயரிங் நேராக இருக்கிறதா என்பதை, தலையை வெளியே நீட்டி முன் டயரைப் பார்த்தே உறுதி செய்யுங்கள். முன்னால் போவதாக இருந்தால் இரண்டாவது கியர் போதும். கிளட்சை முழுதாக விட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டரைச் சீராகக் கொடுங்கள். பாதிக் கிளட்சில் உறும விட்டால் கருகிய வாடை வரும். வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஒரு மீட்டர் நகர்ந்து நின்றால் அதே ஒரு மீட்டர் பின்னால் வாருங்கள். திரும்ப முன்னால் போங்கள். ஒவ்வொரு தடவையும் தடம் இறுகி, அரை அடியாவது கூடும். வண்டி ஓடத் தொடங்கிவிட்டால், கெட்டித் தரை வரும்வரை நிறுத்த வேண்டாம், வெடுக்கென்று திருப்பவும் வேண்டாம்.

கயிறு

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து, இரண்டு மூன்று தடவை பறித்தும் வரவில்லை என்றால் மட்டும் இழுங்கள். பறிக்காமல் இழுக்கவே கூடாது. அடிவயிறு புதைந்த வண்டியை இழுக்கத் தேவைப்படும் விசை வண்டியின் எடையையே தாண்டிவிடும். அந்த விசையில்தான் கொக்கி பறக்கிறது.

இன்னொரு ஜீப் இழுப்பதாக இருந்தால், நைலானில் செய்த கைனடிக் கயிறு வேண்டும். அது தன் நீளத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை நீண்டு, சுருங்கும்போது வண்டியை மெத்தென்று வெளியே எடுக்கும். அறுபடும் அளவு, வண்டியின் மொத்த எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு இருக்கும்படி வாங்குங்கள். சங்கிலி, இரும்பு ரோப், லாரிக் கயிறு எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. சேஸிஸோடு போல்ட் போட்ட, இழுப்பதற்கென்றே உள்ள கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் உருண்டையில் மாட்டவே கூடாது. லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கு இருக்கும் மெல்லிய வளையமும் வேண்டாம். கயிற்றின் நடுவில் நனைத்த சாக்கு ஒன்றைப் போடுங்கள், அறுந்தால் வேகத்தைக் கொஞ்சம் அமுக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால், பக்கவாட்டில் நிற்கட்டும். மாட்டிய கயிற்றை யாரும் தாண்டக்கூடாது. ஒரே ஒருவர்தான் கை காட்ட வேண்டும். பத்துப் பேர் “போ, போ” என்று கத்தினால் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் புரியாது.

டிராக்டர்தான் கிடைத்தது என்றால், நீளாத கனமான பெல்ட்டை மாட்டி, தொய்வில்லாமல் இறுக்கிவிட்டு, தாழ்ந்த கியரில் அங்குலம் அங்குலமாக இழுங்கள். வெட்டி இழுக்கக்கூடாது. டிராக்டரில் பெல்ட்டை அடியில் உள்ள டிராபாரில்தான் (இழுப்பதற்கென்று உள்ள இரும்புப் பட்டை) மாட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே மாட்டினால் முன் சக்கரம் தூக்கி, டிராக்டர் ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்துவிடும். தோட்டத்து ஆட்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

கடற்கரை என்றால்

கடலில் ஓதம் ஏறுவதும் இறங்குவதும் நாளுக்கு இரண்டு தடவை. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். நம் கரையில் ஏற்றம் பெரிய அளவில் இல்லைதான். ஆனால் தட்டையான கரையில் அரை மீட்டர் உயர்ந்தாலே தண்ணீர் பல மீட்டர் உள்ளே வந்துவிடும். நேரத்தை அங்கேயுள்ள மீனவர்களிடம் கேளுங்கள். அலை தொட்டுப் போகும் பளபளப்பான மணலில் வண்டி நின்றால், ஒவ்வொரு அலையும் டயரைச் சுற்றி மணலைக் கரைத்து எடுக்கும். அங்கே காத்தை இறக்கிக்கொண்டு நிற்கவே நேரம் இருக்காது. கடற்கரைக்குள் நுழையும்போதே இறக்கிவிடுங்கள். வெளியேறும் திசை எப்போதும் கரைப்பக்கம்தான்.

வண்டி ஓட்ட அனுமதி உள்ள இடமா என்று முதலில் விசாரியுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கிழக்குக் கரையில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வந்து முட்டையிடும். டயர் ஏறினால் மணலுக்கடியில் கூடு நசுங்கும். அந்த மாதங்களில் அனுமதி இருந்தாலும் நான் இறங்க மாட்டேன்.

வெளியே வந்த பிறகு

காத்து இறங்கிய டயரோடு தார் ரோட்டில் வேகமாகப் போகாதீர்கள், சூடேறி வெடிக்கும். 12 வோல்ட் கம்ப்ரெஸர் இருந்தால் கரையிலேயே அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பஞ்சர் கடை வரை உருட்டிக்கொண்டே போங்கள். பிரேக்கை நாலைந்து முறை மிதித்துப் பாருங்கள், பேடுக்கு நடுவில் மணல் சிக்கியிருந்தால் கரகரவென்று கேட்கும். கடலுக்குப் போய் வந்திருந்தால் அன்றைக்கே அடிப்பக்கம் முழுவதும் நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுங்கள்.

எங்கள் ஜீப்பில் இப்போது கேஜ், கம்ப்ரெஸர், கட்டைப்பிடி மம்பட்டி, பலகை, நாலு சாக்கு, பத்து லிட்டர் குடிதண்ணீர் நிரந்தரமாக இருக்கின்றன. கைனடிக் கயிறும் இருக்கிறது. வாங்கியதிலிருந்து பிரிக்கவில்லை.