ஆகஸ்ட் வில்சனை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

அமெரிக்கக் கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனைப் புதிதாகப் படிக்க விரும்புவோர் பெரும்பாலும் 1987இல் புலிட்சர் பரிசு பெற்ற ‘ஃபென்சஸ்’ நாடகத்தையே முதலில் கையில் எடுக்கிறார்கள். அதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அவருடைய இளமைக்காலத்தைச் சற்று அறிந்துகொண்டு ‘ஜிட்னி’ நாடகத்திலிருந்து தொடங்குங்கள்.

வில்சன் 1945இல் பிட்ஸ்பர்க் நகரின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் பிறந்தார். நெப்போலியனைப் பற்றிய கட்டுரையை அவரே எழுதியிருப்பாரா என்று ஆசிரியர் ஐயப்பட்டதால், 15 வயதில் பள்ளியை விட்டு விலகி, அதை வீட்டில் சொல்லாமல் நாள்தோறும் கார்னகி நூலகத்துக்குச் சென்று படித்தார். நூலகம் அவருக்கு எவ்வளவோ கொடுத்தது. ஆயினும், அப்பகுதியின் உணவகங்களிலும் சுருட்டுக் கடையிலும் கூடிய முதியவர்களின் பேச்சுதான் பின்னாளில் அவருடைய நாடகங்களின் உயிராயிற்று.

1968இல் நாடகாசிரியர் ராப் பென்னியுடன் சேர்ந்து பிளாக் ஹொரைசன்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கியபோது, முன் அனுபவம் ஏதுமின்றி இயக்குநர் பொறுப்பை ஏற்று, அந்தக் கலையை நூலகப் புத்தகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டார். அக்காலத்தில் உரையாடல் அவருக்குக் கைவரவில்லை. தெருவில் கேட்ட பேச்சை மாற்றி எழுதினால்தான் அது கலையாகும் என்று நம்பியிருந்தார். 1978இல் செயின்ட் பால் நகருக்குக் குடிபெயர்ந்து, ஊரை விட்டுத் தொலைவில் இருந்தபோதுதான் அந்தக் குரல்கள் அவருக்குத் தெளிவாகக் கேட்கத் தொடங்கின. அவ்வாறு 1979இல் பிறந்ததே ‘ஜிட்னி’.

உரிமம் பெற்ற டாக்சிகள் வர மறுத்த பகுதியில் உரிமமின்றி வாடகைக் கார் ஓட்டியவர்களின் கதை அது. கார் நிலையத்தின் சுவரில் ஒட்டியுள்ள விதிகளையும், இடையிடையே ஒலிக்கும் தொலைபேசியையும் கவனியுங்கள். யாரேனும் மனம் திறந்து பேசத் தொடங்கும் வேளையில் மணி அடிக்கிறது, பிழைப்பு அழைக்கிறது. வசனங்களை வாய்விட்டுப் படியுங்கள், இயன்றால் இருவராக. மௌனமாகப் படித்தால் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடும் வேகம் பிடிபடாது.

அடுத்து ‘மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்’. புதிய நாடகங்களை வளர்த்தெடுக்கும் ஓநீல் நாடக மையம் 1982இல் தேர்ந்தெடுத்த இந்நாடகம், லாயிட் ரிச்சர்ட்ஸின் இயக்கத்தில் 1984இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயை எட்டியது. பாடகி மா ரெய்னியின் வருகைக்காகக் காத்திருக்கும் இசைக் கலைஞர்களின் அரட்டையை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். பின்னர் வெடிக்கும் வன்முறைக்கான காரணங்கள் அங்கேயே உள்ளன.

இதன் பிறகு ‘ஃபென்சஸ்’ படிக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாக அமைந்த பத்து நாடகங்களையும் முதல் முறை எழுதப்பட்ட வரிசையிலும், இரண்டாம் முறை கதை நிகழும் கால வரிசையிலும் படிப்பது நல்லது.