வெப் டெவலப்மென்ட்டைப் பார்த்துப் பழகாமல் செய்து பழகுவது எப்படி

யூடியூபில் ஒரு நீளமான கோர்ஸை முழுசாகப் பார்த்து முடித்தவரிடம் ஒரு காலி ஃபைலைக் கொடுத்து, "சரி, இதில் ஒரு ஃபார்ம் எழுதுங்கள்" என்று சொன்னால் பலருக்கும் கை ஓடாது. பாடம் புரியாததால் வரும் சிக்கல் இல்லை இது. வீடியோவில் எல்லா முடிவையும் வேறொருவர் எடுத்துவிட்டார். எதை முதலில் எழுதுவது, எந்தத் தகவலை எங்கே வைப்பது, ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டான ஃபங்ஷனை எங்கே வெட்டிப் பிரிப்பது, பிழை வந்தால் எங்கே தேடுவது, எல்லாமே அவர் செய்தது. நாம் பார்த்துத் தலையாட்டினோம், அவ்வளவுதான். ஆனால் இந்தத் தொழிலில் சம்பளம் கொடுப்பதே அந்த முடிவுகளுக்குத்தான். அதனால் பகலில் வேறு வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டு இரவில் வெப் டெவலப்மென்ட் படிப்பவர்கள், கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பெரும்பகுதியை முடிவெடுக்கும் பயிற்சிக்கே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எதை வைத்துப் படிப்பது என்பதில் அதிகம் அலைய வேண்டாம். ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் ப்ராஜெக்ட் இரண்டுமே இலவசம், இரண்டுமே செய்யவைத்துச் சொல்லித்தருபவை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். சந்தேகம் வந்தால் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைச் செய்யும் மொசில்லாவின் எம்டிஎன் தளத்தில் உள்ள ஆவணங்களைப் பாருங்கள். படிக்கும் வரிசை: பக்கத்தின் அமைப்புக்கு எச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், இயக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட். ரியாக்ட் 2013இல் வந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி, அதாவது வேறொருவர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு, ஜாவாஸ்கிரிப்ட் 1995இலிருந்து இருக்கிறது. அடிப்படை கைக்கு வராமல் ரியாக்டுக்குத் தாவினால், வருகிற பிழை ரியாக்டுடையதா ஜாவாஸ்கிரிப்டுடையதா என்றே தெரியாமல் நாள் போய்விடும்.

முதல் ப்ராஜெக்ட்: கரண்ட் பில் கணக்கு

டூடூ லிஸ்ட் வேண்டாம். அது எல்லோருடைய ரெஸ்யூமேயிலும் இருக்கிறது, அதை நீங்களே கூட நாளைக்குப் பயன்படுத்தப் போவதில்லை. உங்கள் வீட்டில் ஒருவராவது உண்மையில் திறந்து பார்க்கக்கூடிய ஒன்றைச் செய்யுங்கள். என் சிபாரிசு கரண்ட் பில் கால்குலேட்டர். கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் உள்ளே நிறைய விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள், பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாகக் கூடும், வீதமும் அவ்வப்போது மாறும். இந்த மூன்று நிபந்தனைகளே ஒரு நல்ல நிரலுக்குப் போதுமான சவால்.

கம்ப்யூட்டரைத் தொடும் முன் ஒரு தாளில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வசதிக்காக ஒரு கற்பனை அட்டவணை வைத்துக்கொள்வோம்: முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2 ரூபாய், அதற்கு மேல் யூனிட்டுக்கு 5 ரூபாய். 250 யூனிட் ஓடியிருந்தால் எவ்வளவு? முதல் 100க்கு ஒன்றுமில்லை, அடுத்த 100க்கு 200, மீதி 50க்கு 250, ஆக 450 ரூபாய். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "200க்கு மேல் போனால் 5 ரூபாய்" என்று ஒரே நிபந்தனை போட்டு 250ஐ 5ஆல் பெருக்கி 1,250 என்று காட்டிவிடுவார்கள். தாளில் போட்ட விடை கையில் இருந்தால்தான் திரையில் வருவது தப்பு என்றே தெரியும்.

பிறகு ஃபார்ம். போன ரீடிங், இப்போதைய ரீடிங், பழைய பாக்கி இருந்தால் அது, ஒரு பட்டன். ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் எழுதி அதைப் பெட்டியோடு இணையுங்கள். லேபிளைத் தொட்டாலே பெட்டி தயாராகிவிடும், திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கும் எந்தப் பெட்டி எதற்கு என்று தெரியும்.

இங்கேதான் ஜாவாஸ்கிரிப்டின் முக்கியமான ஒரு பாடம் காத்திருக்கிறது. பெட்டியிலிருந்து எடுக்கும் மதிப்பு எண் இல்லை, எழுத்துச்சரம். பெட்டியின் வகை எண் என்று நீங்கள் குறிப்பிட்டிருந்தாலும் அப்படித்தான். இப்போதைய ரீடிங் 4450, போன ரீடிங் 4200, இரண்டையும் கழித்தால் 250 என்று சரியாகவே வரும், ஏனென்றால் கழித்தல் குறியைப் பார்த்ததும் ஜாவாஸ்கிரிப்ட் தானே இரண்டையும் எண்ணாக மாற்றிக்கொள்கிறது. எல்லாம் சரி என்று நினைத்து, பில் தொகை 450உடன் பழைய பாக்கி 50ஐக் கூட்டினால் 500 வராது, 45050 வரும். கூட்டல் குறியின் ஒரு பக்கம் எழுத்துச்சரம் இருந்தால் அது கூட்டாது, ஒட்டவைக்கும். கழித்தலில் ஒளிந்திருந்த பிழை கூட்டலில் வெளியே வருகிறது. இதை வீடியோவில் பத்து தடவை கேட்டாலும் மறக்கும், உங்கள் வீட்டு பில் 45,050 ரூபாய் என்று திரையில் பார்த்துவிட்டால் மறக்காது. மதிப்பை எடுக்கிற இடத்திலேயே எண்ணாக மாற்றிவிடுவதுதான் தீர்வு.

அடுத்தது வீதம். 100, 2, 5 என்ற எண்களை நிபந்தனைகளுக்குள் ஆங்காங்கே எழுதிவைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக, ஒவ்வொரு படிக்கும் எல்லையும் விலையும் சேர்த்து, தனியாக வையுங்கள். கணக்குப் போடும் ஃபங்ஷன் அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகக் கடந்து போகட்டும். இப்போது மின்வாரியம் வெளியிட்டிருக்கும் உண்மையான அட்டவணையைப் போடுவதற்கும், அடுத்த முறை கட்டணம் மாறும்போது திருத்துவதற்கும் பட்டியலை மட்டும் தொட்டால் போதும். மாறுகிற தகவலை மாறாத தர்க்கத்திலிருந்து பிரித்து வைப்பது என்ற இந்த ஒரு பழக்கம் அலுவலகத்தில் எந்த மொழியில் வேலை செய்தாலும் கூடவே வரும்.

அப்புறம் விளிம்புகளைச் சோதியுங்கள். நம் கற்பனை அட்டவணைப்படி 0 யூனிட்டுக்கு 0, 100க்கும் 0, 101க்கு 2 ரூபாய், 200க்கு 200, 201க்கு 205. இவை ஐந்தும் சரியாக வந்தால் நடுவில் இருப்பவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதன் பிறகு வேண்டுமென்றே குழப்புங்கள்: பெட்டியைக் காலியாக விடுங்கள், போன ரீடிங்கை இப்போதையதைவிடப் பெரிதாகக் கொடுங்கள். இந்த இடங்களில் என்ன காட்ட வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தமிழில் செய்யும்போது

பக்கத்தைத் தமிழிலேயே செய்யுங்கள், அதில் கூடுதல் பயிற்சி இருக்கிறது. ஆங்கிலத்துக்காகப் போட்ட பட்டனில் "கணக்கிடுக", "சேமித்து வைக்கவும்" என்று எழுதினால் சில நேரம் பெட்டியை விட்டு வெளியே வழியும், ஏனென்றால் அகலத்தைப் பிக்ஸலில் இறுக்கிக் கட்டியிருப்பீர்கள். மேலேயும் கீழேயும் கொம்பும் சுழியும் இருப்பதால் வரி இடைவெளியும் கொஞ்சம் தாராளமாக வேண்டும். தொகையை 1,25,000 என்று நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டுக் காட்ட நீங்களே ஃபங்ஷன் எழுத வேண்டாம், பிரவுசரிலேயே உள்ள நம்பர்ஃபார்மட் இந்திய முறையில் போட்டுத்தரும்.

பெயர் பெட்டியில் எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் முன் இதையும் செய்து பாருங்கள். பிரவுசரில் நிரல் வரிகளை நேராக ஓட்டிப் பார்க்கும் கன்சோலில் (எஃப்12 தட்டினால் வரும்) "தமிழ்" என்ற சொல்லின் லெங்த் எவ்வளவு என்று கேட்டால் 5 என்று வரும். நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு மகரமும் அதன் மேலுள்ள இகரக் குறியும் தனித்தனி, ழகரமும் புள்ளியும் தனித்தனி. மொழிக்கேற்ற வேலைகளுக்காக ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்டல் (Intl) தொகுப்பின் செக்மென்டரைக் கொண்டு எண்ணினால் 3 என்று சரியாகத் தரும். தமிழ்ப் பெயர்களைப் பாதியில் வெட்டிவிடும் தளங்களில் இந்த வித்தியாசத்தை யோசிக்காத நிரல்தான் பெரும்பாலும் உள்ளே இருக்கும், அதை யோசிக்கத் தெரிந்த ஆளாக நீங்கள் இருந்தால் நம் மொழிக்கே நல்லது.

பிழை வரும்போது

எஃப்12 தட்டினால் பிரவுசரிலேயே உள்ள பிழை தேடும் கருவிகளான டெவ்டூல்ஸ் திறக்கும், கன்சோலும் அதில்தான். அங்கே சிவப்பாக வரும் செய்தியை முழுசாக வாசியுங்கள். ஆரம்பத்தில் எல்லோரையும் படுத்தும் ஒன்று "கெனாட் ரீட் ப்ராப்பர்டீஸ் ஆஃப் நல்". நீங்கள் தேடிய பொருள் பக்கத்தில் கிடைக்கவில்லை, கிடைக்காத ஒன்றிடம் ஏதோ கேட்கிறீர்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம்: பெட்டிக்கோ பட்டனுக்கோ வைத்த அடையாளப் பெயரான ஐடியை எழுத்துப்பிழையோடு எழுதியிருப்பீர்கள், அல்லது பக்கம் உருவாகும் முன்பே ஸ்கிரிப்ட் ஓடியிருக்கும். இரண்டாவதற்கு, ஸ்கிரிப்ட் தனி ஃபைலில் இருந்தால், அதை இணைக்கும் ஸ்கிரிப்ட் டேகில் டிஃபர் என்று சேர்த்தால் தீர்ந்தது. செய்தியின் ஓரத்திலேயே ஃபைல் பெயரும் வரி எண்ணும் இருக்கும், அதைத் தொட்டால் அந்த வரிக்கே கூட்டிப்போகும்.

கன்சோலில் அச்சிட்டுப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் ப்ரேக்பாயின்ட் வைக்கவும் சீக்கிரம் பழகிக்கொள்ளுங்கள். நிரலை ஒரு வரியில் நிறுத்தி, அந்த நொடியில் ஒவ்வொரு மாறியிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வரியாக நகர்த்தலாம். படிப்படியான கட்டணம் மாதிரியான கணக்கு உள்ளே எப்படி ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஏஐயிடம் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் முதல் முயற்சி உங்களுடையதாக இருக்கட்டும். பிழைச்செய்தியை ஒட்டி "சரிசெய்து கொடு" என்று கேட்பதைவிட, "இந்தச் செய்தி எந்தெந்தக் காரணங்களால் வரும்" என்று கேட்டு, காரணத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். அது தரும் நிரலில் ஒரு வரி புரியவில்லை என்றாலும் அந்த வரி உங்கள் ப்ராஜெக்டுக்குள் வரக்கூடாது. நேர்காணலில் கைவைப்பது சரியாக அந்த வரியில்தான் இருக்கும்.

நேரமும் கிட் பழக்கமும்

வேலைநாளில் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த ஒரு மணி நேரத்தில் முதல் இருபது நிமிடம் "எங்கே விட்டோம்" என்று தேடுவதிலேயே போய்விடக் கூடாது. அதனால் மூடும் முன் அடுத்து செய்ய வேண்டியதை ஒரே வரியில் எழுதிவையுங்கள்: "காலிப் பெட்டிக்கு எச்சரிக்கை காட்ட வேண்டும்", அவ்வளவு போதும். புதிய விஷயம் படிப்பதையும் பெரிய மாற்றங்களையும் விடுமுறை நாளுக்கு வைத்துக்கொண்டு, வேலைநாட்களில் சின்னச் சின்னத் திருத்தங்கள் மட்டும் செய்தால் களைப்பிலும் ஓடும்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் படிப்படியாகப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். ஒரு சின்ன வேலை முடிந்ததும் ஒரு கமிட், அதாவது ஒரு பதிவு, அதில் என்ன மாற்றினீர்கள் என்று தெளிவாக ஒரு வரி. "அப்டேட்", "ஃபைனல்", "ஃபைனல் 2" என்றெல்லாம் எழுதினால் பிறகு உங்களுக்கே புரியாது. கிட் பதிவுகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தின் பேஜஸ் சேவையில் இலவசமாகவே பக்கத்தை ஏற்றிவிடலாம். ஏற்றிய உடனே ஒன்றைச் செய்யுங்கள்: முகவரியை வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் ஃபோனில் திறப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பாருங்கள். எங்கே தொடுவது என்று அவர் தடுமாறும் ஒவ்வொரு இடமும் உங்கள் அடுத்த வேலை.

ஒரு வாரம் கழித்து அந்தக் கணக்கு ஃபங்ஷனை மட்டும் அழித்துவிட்டு, பழையதைப் பார்க்காமல் திரும்ப எழுதுங்கள். எங்கே கை நிற்கிறதோ அந்த இடம் இன்னும் உங்களுடையதாகவில்லை.

வேலை தேடும் பக்கம்

இரண்டாவது ப்ராஜெக்டில் சர்வரும் டேட்டாபேஸும் இருக்கட்டும். தெருவில் நடத்தும் சீட்டுக்கு வரவு செலவு எழுதும் தளம் நல்ல தேர்வு: யார் உறுப்பினர், யார் இந்த மாதம் கட்டினார், யார் எடுத்தார், தள்ளு எவ்வளவு. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ், ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸான எஸ்க்யூஎல்லைட் இருந்தால் தொடங்கலாம். லாகின் வைத்தால் பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காமல் பிகிரிப்ட் மாதிரி ஒன்றால் ஹாஷ் செய்து, அதாவது திரும்பப் பழையபடி மாற்ற முடியாத வடிவமாக்கி, சேமியுங்கள். பயனர் எழுதியதை, டேட்டாபேஸுக்குக் கட்டளை கொடுக்கும் எஸ்க்யூஎல் வரிக்குள் நேராக ஒட்டாமல் தனி மதிப்பாக, அதாவது பாராமீட்டராக, அனுப்புங்கள். பணக்கணக்கைப் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள், ஏனென்றால் ஜாவாஸ்கிரிப்டில் 0.1உம் 0.2உம் கூட்டினால் 0.30000000000000004 வரும். அடுத்தவர் பணமும் பாஸ்வேர்டும் கையில் இருக்கும்போது இவற்றில் சலுகையே கிடையாது, பயிற்சி ப்ராஜெக்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

ரெஸ்யூமேயில் தெரிந்த மொழிகளின் பட்டியலைவிட, ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு முகவரிகளும் அவற்றின் நிரல் இருக்கும் கிட்ஹப் ரெப்போ இணைப்பும் மேலே இருக்கட்டும். ரெப்போவோடு வைக்கும் அறிமுகக் குறிப்பான ரீட்மீயில் இது எதற்கு, எப்படி ஓட்டுவது, எதை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். சோஹோ போன்ற நிறுவனங்களில் டாக்ஸி புக்கிங், ரயில் டிக்கெட் முன்பதிவு மாதிரி ஒரு சின்ன அப்ளிகேஷனை அங்கேயே உட்கார்ந்து எழுதச் சொல்லும் சுற்று உண்டு. பாதியில் "இப்போது இந்த நிபந்தனையும் சேர்ந்தால்?" என்று கேட்பார்கள். அதற்கு வீட்டிலேயே பழகலாம்: உங்கள் சீட்டு தளத்தில் ஓர் உறுப்பினர் பாதியில் விலகினால் என்ன ஆகும், ஒரே மாதத்தில் இருவர் எடுக்கக் கேட்டால் என்ன ஆகும் என்று ஒரு நண்பரைக் கேட்கச் சொல்லி, அவர் முன்னாலேயே நிரலை மாற்றிக் காட்டுங்கள். மாற்றிக்கொண்டே என்ன செய்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், தமிழில் சொன்னாலும் சரி.

இரண்டாவது தளம் ஓடத் தொடங்கியதுமே விண்ணப்பிக்க ஆரம்பியுங்கள். டைப்ஸ்கிரிப்ட் முடியட்டும், நெக்ஸ்ட்ஜேஎஸ் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு நேர்காணல் முடிந்த அன்றே, பதில் சொல்ல முடியாத கேள்விகளை எழுதிவைத்து, அவற்றில் ஒன்றை அந்த வாரமே இந்த இரண்டு தளங்களில் ஒன்றுக்குள் செய்து பாருங்கள்.