என்க்ளெக்ஸ்: வார்டு அனுபவமே காலை வாரும் இடங்கள்

பயாப்ஸி ரிசல்ட் வந்திருக்கிறது. நோயாளியின் மகன் வராந்தாவிலேயே மறித்துக்கொண்டு, “சிஸ்டர், அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார். என்னன்னு எங்கிட்ட சொல்லுங்க” என்கிறார். நர்ஸ் என்ன பதில் சொல்ல வேண்டும்?

நம் ஊர் வார்டில் நாலு வருடம் நின்றவர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. “டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது தனியா பேசிக்கலாங்க” என்று மகனை ஓரமாக உட்காரவைப்போம். அப்பாவிடம் போய், “சாதாரண கட்டிதான், கவலைப்படாதீங்க” என்போம். என்க்ளெக்ஸ் (NCLEX) என்ற நர்ஸிங் தேர்வில் இரண்டுமே தப்பு. தனக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு. அவர் சம்மதிக்காமல் மகனிடம் வாய் திறக்கக் கூடாது. “அப்பாவிடம் கேட்கிறேன், அவர் சரி என்றால் உங்களோடு பேசுகிறேன்” என்ற பொருளில் எந்த ஆப்ஷன் வருகிறதோ, அதுதான் விடை.

அமெரிக்காவில் பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்க இந்தத் தேர்வு கட்டாயம். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் 2015-இல் இதற்கு மாறிவிட்டன. சென்னையிலேயே எழுதலாம் என்பதால் நம் பெண்களும் பையன்களும் நைட் டியூட்டி முடித்த கண்ணோடு இதற்குப் படிக்கிறார்கள். நான் பார்த்த வரையில், சறுக்குகிறவர்கள் பலருக்குப் பாடம் தெரியாமல் இல்லை. கேள்வியில் இருக்கும் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுத் தங்கள் ஆஸ்பத்திரிக்குப் பதில் எழுதுகிறார்கள். இல்லையென்றால், கோச்சிங்கில் மனப்பாடம் செய்த ஒரு சூத்திரத்துக்குப் பதில் எழுதுகிறார்கள்.

அந்த ஆஸ்பத்திரி வேறு

தேர்வில் வரும் வார்டில் ஆள் பற்றாக்குறை கிடையாது. வேண்டிய மருந்தும் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். “நாற்பது பெட்டுக்கு ரெண்டு பேர், இதையெல்லாம் எங்கே செய்வது” என்று மனசு முணுமுணுத்தால் அதை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். கேள்வியில் இருக்கும் நோயாளி ஒருவர்தான் உங்களுக்கு.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கேள்விகளில் நமக்கு அடி அதிகம். நம் ஊரில் சாப்பாடு ஊட்டுவது, நடக்கவைப்பது, பெட்பேன் வைப்பது எல்லாம் கூட இருக்கும் சொந்தக்காரர் பாடு. அங்கே அந்த இடத்தில் நர்ஸிங் உதவியாளர் இருக்கிறார். நிலைமை சீராக இருக்கும் நோயாளிக்கு பிபி, பல்ஸ் பார்ப்பதை அவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம். பரிசோதித்து மதிப்பிடுவது, கற்றுக்கொடுப்பது, கொடுத்த சிகிச்சை வேலை செய்ததா என்று பார்ப்பது மூன்றையும் கொடுக்கக் கூடாது. பக்கவாதம் வந்தவருக்கு முதல்முறை வாய்வழியாகச் சாப்பாடு என்று ஒரு ஆப்ஷன் இருக்கும். பார்க்க ஊட்டுகிற வேலை மாதிரிதான் தெரியும். ஆனால் அவரால் விழுங்க முடியுமா என்பதே இன்னும் தெரியாதே? ஊட்டுவது என்ற சொல்லைப் பார்த்து உதவியாளரிடம் தள்ளினால் போச்சு.

இன்னொரு பழக்கம், எதற்கெடுத்தாலும் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவது. இங்கே அது நம்மைக் காப்பாற்றும். அங்கே, கூப்பிடுவதற்கு முன்னால் நர்ஸ் தன் கையால் செய்ய வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால் கூப்பிடும் ஆப்ஷன் தப்பாகிவிடும். மூச்சுத் திணறுகிறவரை நிமிர்த்தி உட்காரவைக்க எந்த ஆர்டரும் வேண்டாம்.

மருந்துப் பெயரிலும் ஒரு சின்ன கண்ணி. நாம் பாராசிட்டமால் என்பது அங்கே அசெட்டமினோஃபென். சால்பியூட்டமால் அல்பியூட்டரால் ஆகிவிடும், அட்ரினலின் எபினெஃப்ரின், பெத்திடின் மெபெரிடின். தெரிந்த மருந்தையே தெரியாத மருந்து என்று நினைத்து ஐந்து நிமிடம் திகைத்தவர்களை எனக்குத் தெரியும். எடையும் பவுண்டில் வரலாம். கிலோவுக்கு 5 மில்லிகிராம், நோயாளி எடை 154 என்று பார்த்ததும் 770 என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அது 154 பவுண்டு. 2.2-ஆல் வகுத்தால் 70 கிலோ, விடை 350. 770 மில்லிகிராம் என்பது நிஜ வார்டில் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சூத்திரம் கைவிடும் நேரம்

“முதலில் அசெஸ் பண்ணு (பரிசோதித்து மதிப்பிடு), பிறகு செயல்படு” என்பது நல்ல விதிதான். ரத்தம் ஏற்ற ஆரம்பித்துப் பத்து நிமிடம், நோயாளிக்கு நடுக்கம், இடுப்பு வலி என்று கேள்வி வருகிறது. சூத்திரக்காரர்கள் உடனே “பிபி, டெம்பரேச்சர் பார்ப்பது” என்று க்ளிக் செய்வார்கள். நடுக்கமும் இடுப்பு வலியும் கேள்வியிலேயே எழுதியிருக்கிறதே, அசெஸ்மெண்ட் முடிந்துவிட்டது. செய்ய வேண்டியது ரத்தத்தை நிறுத்துவது. கேள்வி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் விதியை எடுத்தால் விதியே எதிரியாகும்.

“மூச்சுதான் முதல்” என்ற விதியும் அப்படியே. நாலு நோயாளிகள், யாரை முதலில் பார்ப்பீர்கள்? ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு ஏழு. இரண்டாமவர் நெடுநாள் சிஓபிடி (நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளி, ஆக்சிஜன் அளவு 90 சதவீதம். மூன்றாமவருக்கு தைராய்டு எடுத்து ஆறு மணி நேரம், உதட்டைச் சுற்றி மதமதப்பு என்கிறார். நாலாமவருக்கு சுகர் 220.

90 சதவீதத்தைப் பார்த்ததும் கை சிஓபிடிக்குப் போகும். ஆனால் அந்த நோயில் 88-இலிருந்து 92 வரை என்பதே வைத்துக்கொள்ள வேண்டிய அளவு. அவர் தன் வழக்கமான நிலையில்தான் இருக்கிறார். மதமதப்பு என்று அலட்சியமாக எழுதப்பட்டிருப்பதுதான் ஆபத்து. தைராய்டோடு, கால்சியம் அளவைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பியும் அடிபட்டுக் கால்சியம் இறங்குகிறது. அடுத்து குரல்வளை இறுகலாம். உண்மையில் மூச்சுக் கேள்வி அவருடையதுதான். பழைய நோயா புதிய மாற்றமா, அந்த நோய்க்கு எதிர்பார்த்ததா எதிர்பாராததா என்று கேட்டுவிட்டுத்தான் விதியைத் தொட வேண்டும்.

கேள்வி வாக்கியமே புரட்டிப்போடும் வகை ஒன்று உண்டு. “இந்த நோயாளிக்கு இன்னும் விளக்கம் தேவை என்பதை எந்தப் பேச்சு காட்டுகிறது?” ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் சொல்கிறார்: “கீரையைத் தினமும் ஒரே அளவில் சாப்பிடுவேன்.” சரியான பேச்சு, மனசு குளிர்ந்துபோய் அதையே க்ளிக் செய்துவிடுகிறோம். கேட்டது தப்பான பேச்சை. “தலைவலி வந்தால் ஆஸ்பிரின் போட்டுக்கொள்வேன்” என்பது மூன்றாவது ஆப்ஷனில் காத்திருந்தது. நானே ஒரு மாதிரித் தேர்வில் இப்படி ஒரே நாளில் நாலு மார்க் விட்டேன். அதன் பிறகு, ஆப்ஷனுக்குப் போகும் முன் அழித்து எழுதும் பலகையில் ‘ச’ அல்லது ‘த’ என்று ஓர் எழுத்து போட்டுக்கொள்வது பழக்கமாகிவிட்டது: சரியானதைத் தேடுகிறேனா, தப்பானதையா. சிறுபிள்ளைத்தனம்தான். வேலை செய்தது.

மார்க் கணக்கு மாறிவிட்டது

2023 ஏப்ரல் 1-இலிருந்து தேர்வின் அமைப்பு புதிது. ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்விகள் கொண்ட கேஸ் ஸ்டடிகள் வந்தன. பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்குப் பகுதி மதிப்பெண் வந்தது. சீனியர்கள் பழைய நினைப்பில், “ஒண்ணு தப்பானா மொத்தமும் போச்சு” என்று இன்னும் பயமுறுத்துகிறார்கள். இப்போது சரியானதற்கு ஒன்று கூடும், தப்பானதற்கு ஒன்று குறையும். பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆறில் மூன்று சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சரியும் ஒரு தப்பும் தொட்டால் ஒரு மார்க். இரண்டு சரியை மட்டும் தொட்டுவிட்டுச் சந்தேகமானதை விட்டால் இரண்டு. ஆறையும் தொட்டால் மூன்றில் மூன்று போய் பூஜ்யம். ஆனால் “மூன்றைத் தேர்ந்தெடு” என்று எண்ணிக்கை சொல்லிவிட்டால் தப்புக்குக் கழிவு இல்லை. அங்கே ஓர் இடத்தைக் காலியாக விடுவதுதான் நஷ்டம்.

கேஸ் ஸ்டடியில் நேரத்தின்படி குறிப்புகள் வரும். எட்டு மணிக் குறிப்பைப் படித்துவிட்டு, பத்து மணிக் குறிப்பு புதிதாகச் சேர்ந்ததைக் கவனிக்காமல் பதில் சொல்கிறவர்கள் நிறைய. டியூட்டி மாறி வந்ததும் கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கத்தைத்தானே முதலில் புரட்டுவோம்? அந்தப் பழக்கம் இங்கே உதவும்.

கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவது

குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்லக் கேள்வி கடினமாகும், தவறினால் இறங்கும். அதனால் நன்றாக எழுதுகிறவருக்கும் பாதிக்குப் பாதி தெரியாத மாதிரிதான் தோன்றும். நடுவில் ஒரு எளிய கேள்வி வந்ததும், “தரம் இறங்கிப்போச்சு, முடிஞ்சது” என்று உடைந்துபோகிறார்கள். அது மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்வியாகக்கூட இருக்கலாம். அப்படி 15 கேள்விகள் ஒவ்வொருவருக்கும் கலந்து வரும், எவை என்று தெரியாது. 85-இல் திரை அணைந்தால் பாஸ், 150 வரை போனால் ஃபெயில் என்பதும் கட்டுக்கதை. 95 சதவீத உறுதியோடு தீர்மானிக்க முடியும் வரை கம்ப்யூட்டர் கேட்கும், அவ்வளவுதான்.

150-உம் வரும் என்று வைத்துக் கணக்கிட்டால் ஒரு கேள்விக்கு 2 நிமிடம். திரும்பிப் போய்த் திருத்த முடியாது. நேரம் நெருங்கும்போது கடகடவென்று குத்துவதுதான் எல்லாவற்றையும்விடக் கெடுதல். தவறுகள் வரிசையாக விழ, மதிப்பீடு கீழே சரியும். 85-ஐத் தாண்டிய பிறகு நேரம் தீர்ந்தால், அதுவரை எழுதியதை வைத்தே முடிவு சொல்வார்கள். நிதானமாக எழுதிய 130, குத்தித் தள்ளிய 150-ஐவிட மேல்.

வெளியே வந்ததும், தேர்வுக்குப் பதிவு செய்யும் பியர்சன் இணையதளத்தில் மறுபடி பணம் கட்ட முயன்று, அது மறுத்தால் பாஸ் என்று ஒரு ‘ட்ரிக்’ சுற்றுகிறது. நம்பத் தக்கதல்ல என்று தேர்வை நடத்தும் என்சிஎஸ்பிஎன் அமைப்பே சொல்லியிருக்கிறது. கார்டு நம்பரைப் போட்டுவிட்டு இரவெல்லாம் அழுத தங்கைகள் இருக்கிறார்கள்.

படிப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன், தமிழர்களுக்கே உரியது: இனிஷியல். சான்றிதழில் ஒற்றை எழுத்தாக இருப்பது பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும். தேர்வு அனுமதிக் கடிதத்தில் இருக்கும் பெயரும் கையில் கொண்டுபோகும் பாஸ்போர்ட் பெயரும் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போகும். விண்ணப்பம் போடும் அன்றே பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து, அதில் உள்ளபடி எழுத்தெழுத்தாக நிரப்புங்கள்.

தேறாதவர்களுக்கு ஒரு அறிக்கை வரும். ஒவ்வொரு பகுதியிலும் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா, அருகிலா, கீழா என்று அதில் இருக்கும். பலர் வெட்கத்தில் அதை மூடிவைத்துவிட்டு முதல் அத்தியாயத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படிக்கத் தொடங்குகிறார்கள். மறு தேர்வுக்கு 45 நாள் காத்திருக்க வேண்டும். ‘கீழே’ என்று வந்த பகுதிகளை முதல் மூன்று வாரத்துக்கு எடுத்துக்கொண்டு, பயிற்சியில் தவறும் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒன்று எழுதிவையுங்கள்: தெரியாமல் தவறினேனா, கேள்வியைப் படிக்காமல் தவறினேனா. இரண்டாவது வரிசை நீளமாக இருந்தால் புதுப் புத்தகம் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம்.