அதிகம் கதைக்காதவர் தலைவரானால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கமக்காரர் அமைப்பாகட்டும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமாகட்டும், புது நிர்வாகம் தெரிவாகும் நாளில் எழும்பி நின்று நாலு வார்த்தை உரத்துக் கதைத்தவரின் பெயர்தான் முதலில் முன்மொழியப்படுகிறது. மூன்று வருடமாகக் கணக்குக் கொப்பியைச் சுத்தமாக வைத்திருந்தவரைப் பற்றி, "நல்ல மனுசன், ஆனால் கதைக்கமாட்டாரே" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

இது மட்டக்களப்பு, அம்பாறைக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. தலைமை பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002இல் அமெரிக்க உளவியலாளர்கள் கணக்கிட்டபோது, கலகலப்பான இயல்புக்கும் தலைவராக எழுவதற்கும் உள்ள தொடர்பு 0.33 என்று வந்தது. அதே இயல்புக்கும் தலைமையைத் திறம்படச் செய்வதற்கும் உள்ள தொடர்பு 0.24தான். (முழுத் தொடர்பு என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0.) வாய் கதிரையைப் பிடித்துத் தரும் அளவுக்கு வேலையை முடித்துத் தருவதில்லை.

2011இல் வெளியான இன்னோர் ஆய்வு பீட்சாக் கடைகளைப் பார்த்தது. சொன்னதை மட்டும் செய்யும் ஊழியர்கள் இருந்த இடத்தில் கலகலப்பான முகாமையாளரின் கடை சராசரியைவிட 16 வீதம் கூடுதல் இலாபம் பார்த்தது. ஊழியர்களே யோசனை சொல்லும் கடைகளில் அதே வகை முகாமையாளருக்கு இலாபம் சராசரியைவிட 14 வீதம் குறைவாக இருந்தது. அதிகம் கதைக்காத, உள்முக இயல்புள்ளவர் குறுக்கே விழாமல் கேட்பதால், யோசனை உள்ளவர்களின் யோசனை அவரிடத்தில் வீணாவதில்லை. ஆகவே, எப்படிப்பட்ட கூட்டத்துக்குத் தலைவராகிறோம் என்று பார்க்காமல் பொறுப்பெடுப்பது முதல் தவறு. உன்னிச்சைக் குளத்து நீரில் முப்பது வருடம் வேளாண்மை செய்த ஆட்கள் இருக்கும் வயல் வட்டைக்கு அமைதியானவர் மிகப் பொருத்தம். "என்ன செய்யிற, சொல்லுங்க" என்று காத்திருக்கும் புதிய இளைஞர் கழகத்துக்கு அவர் போனால், கலகலப்பான ஒருவரை உப தலைவராகப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூச்சத்தையும் உள்முக இயல்பையும் ஒன்றாக எண்ணுவது அடுத்த தவறு. கூச்சம் என்பது மற்றவர் என்ன நினைப்பாரோ என்ற பயம். பழகப் பழகத் தேயும். உள்முக இயல்பு பயமல்ல. ஆட்களோடு நெடுநேரம் இருந்தால் களைப்பதும், தனியே இருந்தால் தெளிவதும் அதன் அடையாளங்கள். காந்தி பம்பாயில் தன் முதல் வழக்கில் எழுந்து நின்று, வாய் வராமல், வழக்கையே கைவிட்டார். அது கூச்சம், பின்னாளில் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. ஆனால் பெருந்தலைவரான பிறகும் திங்கட்கிழமைகளில் மௌனம் காத்து, சொல்லவேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த மௌனத்தை யாரும் தப்பாக எடுக்கவில்லை. திங்கட்கிழமை அவர் கதைக்கமாட்டார் என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

அமைதியான தலைவர்கள் விடும் மிகப்பெரிய பிழை இங்கேதான். அவர்கள் தங்கள் மௌனத்துக்கு விளக்கம் கொடுப்பதில்லை. மௌனம் சம்மதம் என்று வாசித்துப் பழகிய சமூகம் நாம். சிறுபோகக் கூட்டம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். குளத்தில் நீர் குறைவு, வாய்க்கால் முறையை மாற்றவேண்டும். கடைசி வயல்காரர், "எங்களுக்கு எப்ப தண்ணி?" என்று கேட்கிறார். தலைவர் யோசிக்கிறார், பதில் இல்லை. முன் வயல்காரர் அதைத் தங்களுக்கான ஆதரவாக எடுக்கிறார்கள். கேட்டவருக்கோ அது கெப்பராகப் படுகிறது. பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் அந்த மௌனம் ஒரு தீர்மானமாகவே மாறிவிடும். தலைவர் இன்னும் எதையும் தீர்மானித்திருக்கமாட்டார்.

இதைத் தடுக்க ஒரு வசனம் போதும். "கடைசி வயலுக்கு எந்த நாள் தண்ணி என்று கேட்கிறீங்க. இதற்கு நான் இப்ப பதில் சொல்லல்ல. வட்டவிதானையோடு கணக்குப் பார்த்து, வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு மதகடியில் சொல்லுவன்." (வட்டவிதானை என்றால் வயல்களுக்கு நீர் பங்கிடுபவர்.) கேள்வியைத் திருப்பிச் சொல்வதால் கேட்டவருக்குக் காது கொடுத்தது தெரிகிறது. நாள், நேரம், இடம் மூன்றும் சொல்வதால் தட்டிக்கழிப்பு இல்லை என்பதும் தெரிகிறது. வியாழக்கிழமை பதில் கிடைக்காவிட்டாலும் மதகடிக்குப் போக வேண்டும். போகாமல் விட்டால் அடுத்தமுறை இந்த வசனத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

உரத்துக் கதைப்பவரைப் போல நடிக்க முயல்வதும் கூடாது. தொடக்கத்தில் ஐந்து நிமிடம் கலகலப்பாக இருப்பது யாருக்கும் முடியும். தாங்கள் நினைப்பதைவிட அது தங்களுக்கு நன்றாக இருக்கும் என்றுகூட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டு மணிநேரம் அப்படியே இழுக்கப் போனால் குரல் தளர்ந்து, கடைசியில் எடுக்கவேண்டிய தீர்மானத்தில் பிடி போய்விடும். அரைத்தாளில் நாலு வசனம் எழுதிக்கொண்டு போங்கள்: ஏன் கூடியிருக்கிறோம், போன கூட்டத்தில் ஒத்துக்கொண்டதில் எது முடிந்தது, இன்று எதைத் தீர்மானிக்க வேண்டும், முதலில் யார் கதைக்கிறார். நாலாவது வசனத்தை விட்டுவிட்டால் எப்போதும் கதைப்பவரே தொடங்குவார்.

"யாருக்காவது கருத்து இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு உடனே அடுத்த விடயத்துக்குப் போவதும் தவறு. வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோவ், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஒரு செக்கன் அளவுதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று செக்கனாக்கியதும் பதில்கள் நீண்டன, கூடுதல் பிள்ளைகள் வாய் திறந்தார்கள் என்றும் கண்டார். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அமைதியானவருக்கு இது இயல்பாகவே வரும், பதற்றத்தில்தான் மறக்கிறது. யோசனைகள் தேவைப்படும் கூட்டமானால் துண்டுக் காகிதம் கொடுத்து, ஆளுக்கு ஒன்று எழுத ஐந்து நிமிடம் விடுங்கள். எழுத வராத மூத்தவர்களிடம் செயலாளர் போய்க் கேட்டு எழுதட்டும். பெயர் சொல்லாமல் வாசியுங்கள். பின்வரிசைப் பெண்களின் யோசனை முதன்முறையாகச் சபைக்கு வருவது பெரும்பாலும் இந்தக் காகிதத்தில்தான். எல்லாரும் கூடி வாயால் சொல்லும்போது, ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பதிலேயே யோசனைகள் தொலைந்துபோகின்றன என்பது 1987இலேயே சோதனையில் தெரியவந்தது.

தனித்தனியே கதைப்பதுதான் உள்முக இயல்பினரின் பெரிய பலம். அதிலும் ஒரு பொறி உண்டு. கூட்டத்துக்கு முன் தனக்கு இலேசான இரண்டு வீட்டுக்கு மட்டும் போய்வருவது. குடி (தாய்வழி வம்சம்) பார்த்துக் கோயில் நிர்வாகம் நடக்கும் ஊர்களில், எந்த வளவுக்குள் தலைவரின் மோட்டார் சைக்கிள் நின்றது என்பதே செய்தி. மாறான கருத்துள்ளவரின் வீட்டிலிருந்து தொடங்குங்கள். மூன்று, நாலு வீடு போதும்.

வாயைச் செயலாளரிடம் ஒப்படைக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் எப்போதும் செயலாளரே கதைத்தால், உத்தியோகத்தர்களுக்கு அவர்தான் தலைவர். விளக்கத்தை அவர் சொல்லலாம். கோரிக்கை உங்கள் வாயால் வரவேண்டும்.

சச்சரவை வட்ஸ்அப்பில் தீர்க்கப் பார்ப்பதும் அப்படித்தான். எழுதுவது அமைதியானவருக்குச் சுகம், ஆனால் காசுக் கணக்கில் ஒருவர்மேல் முறைப்பாடு என்றால் குழுவில் எழுதிய ஒரு வரி ஊர் முழுக்கப் போகும். இரண்டு நாளுக்குள் நேரே, தனியே சந்தியுங்கள். வட்ஸ்அப்புக்குத் திகதி, இடம், தொகை மட்டும் போதும்.

செத்தவீட்டுக்குப் போகாமல் விடுவதை நம் ஊர்கள் மன்னிப்பதில்லை. கூட்டம் களைப்பாக்கும் என்றால் ஆட்கள் சேருமுன் நேரத்தோடு போய், கதிரை அடுக்குவதோ பந்தல் கட்டுவதோ ஏதாவது ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள். கை வேலையில் இருப்பவரிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை.

கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். கூட்ட அறிக்கையிலிருந்து ஒவ்வொரு தீர்மானத்தையும் நீங்களே உங்கள் குரலில் வாசியுங்கள்: என்ன, யார், எந்தத் திகதிக்குள். பொறுப்பெடுத்தவர் "ஓம்" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை அடுத்த வரிக்குப் போகவேண்டாம். அவருடைய மௌனத்தையும் சம்மதமாக எடுக்கக்கூடாது.